இரண்டு மில்லிமீட்டர் மண்: ஒரு மலைச்சரிவுப் படத்தின் நிகழ்வு ஆய்வு

மலைச்சரிவில் ஒரு கல்வீடு. இன்னும் கட்டப்படவில்லை. கட்டடக்கலைஞர் அனுப்பிய வரைபடங்களும் அந்த இடத்தில் எடுத்த நாற்பது சொச்சம் போட்டோக்களும்தான் கையில் இருந்தன. கீழ்த்தளம் கரடுகல் சுவர், மேல்தளம் பூசாத கான்கிரீட், முன்னால் ஓர் ஓடை, பின்னால் மரங்கள் அடர்ந்த சரிவு, அதற்கும் பின்னால் இரண்டு மலைவரிசை. ஏ3 தாளில் அச்சிட ஒரு படம், அதையே திரையில் காட்ட ஒரு பிரதி. இதுதான் வேலை.

"3டி ரெண்டர் ஏற்கெனவே இருக்கு. எல்லாம் பளபளன்னு இருக்கு. ஆனா அங்க போய் உட்காரணும்னு யாருக்கும் தோணல. தொட்டா சொரசொரன்னு இருக்கிற மாதிரி ஒண்ணு வரைஞ்சு கொடுங்க" என்றார் கட்டடக்கலைஞர். ரெண்டர் என்றால் 3டி மாதிரியிலிருந்து கணினி ஆக்கித் தரும் படம்.

அந்தப் படத்தை மூன்று முறை வரைய வேண்டியதாயிற்று. முதல் முறை எங்கே கோட்டை விட்டேன், இரண்டாவது முறை ஏன் பாதிதான் தேறியது, மூன்றாவது முறை எது கைகொடுத்தது என்பதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். டிஜிட்டலில் கட்டடமும் நிலக்காட்சியும் சேர்த்து வரைகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இதே பள்ளத்தில் விழுவார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் படம்

தொடக்கம் வழக்கம்போலத்தான். நகத்தளவு ஸ்கெட்ச் ஒன்பது போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று, கொஞ்சம் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற கோணம். 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ3 என்றால் 4961-க்கு 3508 பிக்சல். 3டி மாதிரியிலிருந்து எடுத்த கோட்டுச் சட்டத்தை அடியில் போட்டுக்கொண்டதால் பெர்ஸ்பெக்டிவில் தொல்லை இல்லை. நான் வரைந்தது போட்டோஷாப்பில். கிரிட்டா, புரோகிரியேட் போன்ற மற்ற வரைமென்பொருள்களிலும் லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் அடுக்கு), மாஸ்க் (அடுக்கின் ஒரு பகுதியை மறைக்கும் திரை), பிளெண்ட் மோடு (மேல் அடுக்கு கீழ் அடுக்கோடு கலக்கும் முறை) எல்லாம் ஏறக்குறைய இதே பெயரில்தான் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்த அளவில் முழுக்க நிரம்பிய ஒரு லேயர் நினைவகத்தில் 70 மெகாபைட் பிடிக்கும். புரோகிரியேட்டில் கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக, போட அனுமதிக்கும் லேயர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். எனவே டெக்ஸ்ச்சருக்கு, அதாவது பரப்பின் சொரசொரப்பைக் காட்டும் படங்களுக்கு, எத்தனை லேயர் என்பதை முன்கூட்டியே யோசித்துவிடுவது நல்லது.

டெக்ஸ்ச்சர்களை இணையத்திலிருந்து இறக்காமல் நானே எடுத்தேன். மெல்லிய தாளைக் கல்சுவரின் மேல் பிடித்துக்கொண்டு, மெழுகுக் கட்டியாலும் கிராஃபைட்டாலும் தேய்த்து எடுத்த தடங்கள் பதினான்கு. சின்ன வயதில் நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே வேலைதான். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் தரைப்பலகை வரிகளை இப்படித் தேய்த்து எடுத்துத் தன் படங்களில் பயன்படுத்தத் தொடங்கினார். அதன்பின் ஓவியர்களிடையே அதற்கு ஃபுரோட்டாஜ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இத்துடன் உலர்தூரிகைக் கீற்றுகள், பஞ்சால் ஒற்றிய மைக்கறைகள், கசக்கி விரித்த காக்கித்தாள். எல்லாவற்றையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்துகொண்டேன். கல்சுவருக்கு மட்டும், தடம் போதாதென்று, ஒரு போட்டோவையும் எடுத்துக்கொண்டேன். பின்னால் வந்த தொல்லைகளில் பாதி அந்தப் போட்டோ கொடுத்ததுதான்.

பதினொரு நாள் உழைத்து அனுப்பினேன். சுவரில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. மரத்தில் ஒவ்வோர் இலையும் தெரிந்தது. ஓடையில் கூழாங்கல், கூரையில் கறை, வானத்தில் தாளின் நார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

மறுநாள் போன் வந்தது. "வீடு நல்லா இருக்கு, மலையும் நல்லா இருக்கு. ஆனா வீட்டை யாரோ தூக்கிட்டு வந்து வெச்ச மாதிரி இருக்கு. அப்புறம், படம் ஏன் இவ்வளவு அழுக்கா இருக்கு?"

இரண்டு குறை. சுலபமானதை முதலில் எடுத்தேன்.

அழுக்கு எங்கிருந்து வந்தது

அழுக்குக்குக் காரணம் மல்டிப்ளை என்ற பிளெண்ட் மோடு. டெக்ஸ்ச்சர் போடுகிற எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். வெள்ளைத்தாளில் மைக்கறை இருந்தால் வெள்ளை மறைந்து கறை மட்டும் படத்தில் ஏறும். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் ஸ்கேன் செய்த தாள் ஒருபோதும் முழு வெள்ளையாக இருப்பதில்லை. என் ஸ்கேன்களின் வெள்ளை சராசரியாக 230-இல் நின்றது. முழு வெள்ளை 255. அதாவது 90 சதவீத வெளிச்சம். மல்டிப்ளை செய்வது வெறும் பெருக்கல். ஒரு லேயர் போட்டால் 0.9, இரண்டு போட்டால் 0.81, ஐந்து போட்டால் 0.59. கல்லுக்கு நான் கவனமாகத் தேர்ந்தெடுத்த 200 என்ற வெளிர் நிறம், ஐந்து டெக்ஸ்ச்சர் ஏறிய பின் 118-க்கு இறங்கிவிட்டது. அது இருட்டுவதைப் பார்த்து மேலே வெளிச்சம் அடித்தேன். அடித்ததும் கறைகள் வெளிறின. கறை போதவில்லை என்று இன்னொரு டெக்ஸ்ச்சர் போட்டேன். இப்படியே சுற்றிச் சுற்றிச் சேற்றைக் குழப்பியிருக்கிறேன்.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, வெளிச்ச அளவுகளைத் திருத்தும் லெவல்ஸ் கருவியில் வெள்ளை முனையை இழுத்துத் தாளை உண்மையிலேயே 255-க்குக் கொண்டுவந்த பிறகு மல்டிப்ளை போடுவது. கறை தனித்தனியாகத் தெரிய வேண்டிய இடத்துக்கு இது பொருந்தும். மற்றது, ஹை பாஸ் ஃபில்டர். அது படத்தின் பெரிய வெளிச்ச வேறுபாடுகளை எல்லாம் சமப்படுத்திவிட்டு, சொரசொரப்பை மட்டும் நடுச் சாம்பல் நிறத்தின் மேல் விட்டுவைக்கும். அதை ஓவர்லே அல்லது சாஃப்ட் லைட் என்ற பிளெண்ட் மோடில் போட்டால், நடுச் சாம்பல் அடியில் இருப்பதைத் தொடாது. மேடு கொஞ்சம் வெளுக்கும், பள்ளம் கொஞ்சம் கறுக்கும், மொத்த வெளிச்சம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். சுவர், தரை, வானம் போன்ற பெரிய பரப்புகள் எல்லாவற்றையும் இந்த வழிக்கு மாற்றினேன். இரண்டாவது படம் கழுவி எடுத்தது மாதிரி வந்தது.

நிறத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும், டெக்ஸ்ச்சர் அதை அசைக்கக் கூடாது. இதை எனக்கு முன்பே யாரோ சொல்லியிருப்பார்கள். பெருக்கிப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது.

காது

இரண்டாவது படத்தைச் சின்னதாக்கிப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அந்தக் கல்சுவர்ப் போட்டோவில் ஒரு கறை, பார்த்தால் மனிதக் காது மாதிரியே இருக்கும். போட்டோவை ஆஃப்செட் ஃபில்டரில் பாதி நகர்த்தி, நடுவில் வந்த ஒட்டுக்கோட்டை அழித்து, தொடர்ந்து பரப்பக்கூடிய ஓடு போல ஆக்கியிருந்தேன். ஒட்டு எங்கும் தெரியவில்லை. ஆனால் காது தெரிந்தது. சுவர் முழுக்க ஏழு காது, சம இடைவெளியில், ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.

திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிப்பதில் நம் கண் கெட்டிக்காரக் கண். ஒட்டை மறைத்தால் மட்டும் போதாது. ஓட்டுக்குள் தனித்து நிற்கிற அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. அந்த மாதிரி அடையாளங்களை ஓட்டிலிருந்து துடைத்துவிட்டு, படத்தில் வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றாகக் கையால் போடுவதுதான் சரி. ஒவ்வொரு காதாகத் தேடி அழித்தேன்.

கண்ணுக்கு எட்டுவது எவ்வளவு

அழுக்கு போயிற்று, காதுகள் போயின. வீடு மட்டும் இன்னும் ஒட்டிவைத்த மாதிரியேதான் நின்றது. ஏன் என்று புரியாமல் இரண்டு நாள் பிரஷ்ஷைத் தொடவில்லை. கணக்குப் போட்டேன்.

நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் சுமார் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. அதன்படி 60 மீட்டர் தூரத்தில் 17 மில்லிமீட்டருக்குக் குறைந்த எதுவும் தனியாகத் தெரியாது. 10 மில்லிமீட்டர் இணைப்புள்ள செங்கல் சுவர் என்றால், 35 மீட்டர் தாண்டியதும் கோடுகள் கரைந்து வெறும் நிறமாகிவிடும். எட்டு சென்டிமீட்டர் அகல இலை 275 மீட்டரில் கரையும்.

என் படத்தில் வீடு பார்வையாளரிடமிருந்து 60 மீட்டரில் நிற்கிறது. 16 மீட்டர் அகல வீடு 1400 பிக்சலில் அமைந்திருந்தது, அதாவது ஒரு மீட்டருக்கு 87 பிக்சல் சொச்சம். கரடுகல் சுவரில் இணைப்பு 20 மில்லிமீட்டர் என்று வைத்தால் படத்தில் அது இரண்டு பிக்சல்கூட வராது. நான் போட்டிருந்தது ஐந்து பிக்சல் கோடு. வீட்டின் அளவில் சொன்னால் 57 மில்லிமீட்டர் இணைப்பு. எந்தக் கொத்தனாராவது அப்படிக் கட்டினால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். பின்னால் 400 மீட்டருக்கு அப்பால் உள்ள சரிவில் ஒவ்வோர் இலையாகப் போட்டிருந்தேன். அங்கே இலையே தெரியக் கூடாது. மரத்தின் தலை ஒரு பொதியாகவும் அதன் அடியில் நிழல் ஒரு கீற்றாகவும் மட்டும் தெரிய வேண்டும்.

இதன் விளைவுதான் விசித்திரம். கல் ஐந்து பிக்சல் கோடுகளோடு, மலை மூன்று பிக்சல் இலைகளோடு, ஓடைக்கரை நான்கு பிக்சல் மணலோடு. எல்லாவற்றின் சொரசொரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு. வெவ்வேறு தூரத்தில் இருப்பவை ஒரே அளவு துகளோடு இருந்தால், கண் எல்லாவற்றையும் ஒரே தளத்தில், படத்தாளின் மேற்பரப்பில் வைத்துவிடும். வீடு மலையில் நிற்காமல் மலைக்கு முன்னால் ஒரு அட்டையாகத் தொங்கியதற்குப் பாதிக் காரணம் இது.

எனவே மூன்று பிரஷ் மட்டும் வைத்துக்கொண்டேன். ஓடைக்கரைக்குப் பன்னிரண்டு பிக்சல் துகள் உள்ளது, வீட்டுக்கு ஐந்து, பின்சரிவுக்கு மூன்று. கடைசி மலைவரிசைக்குத் துகளே இல்லை, நிறம் மட்டும். சுவரில் எல்லாக் கல்லையும் வரையாமல், வெளிச்சம் படுகிற மூலையில் பத்துப் பன்னிரண்டு கல்லுக்கு மட்டும் விளிம்பு கொடுத்தேன். மீதியை நிறத்தின் சின்ன ஏற்ற இறக்கமாக விட்டேன். பார்க்கிறவர்கள் முழுச் சுவரையும் கல்லாகத்தான் பார்த்தார்கள். மேல்தள கான்கிரீட்டிலும் இதே கதை. வார்ப்புப் பலகைகளுக்கு நடுவே பிதுங்கிய இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரி 60 மீட்டரில் தெரியவே தெரியாது. ஒவ்வொரு பலகையும் கொஞ்சம் வேறு சாம்பலில் விட்டுப்போன பட்டைதான் தெரியும். வரியை எடுத்துவிட்டுப் பட்டையை வைத்தேன்.

வெளிச்சம் எந்தப் பக்கம்

படத்தில் வெயில் இடப்பக்கம் மேலிருந்து வருகிறது. கல்சுவர்ப் போட்டோவை எடுத்தபோது வெயில் வலப்பக்கம். போட்டோவில் உள்ள ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது. அதைப் படத்தில் ஏற்றியதும் வீடு ஒரு வெயிலிலும் அதன் கற்கள் வேறொரு வெயிலிலும் நின்றன. சிலர் கண்ணுக்குக் கற்கள் உள்வாங்கிய குழிகளாகவே தெரிந்திருக்கும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று மூளை தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டு, அதை வைத்தே மேடு பள்ளத்தைத் தீர்மானிக்கிறது. தேய்த்தெடுத்த தடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. மேட்டில் மட்டும்தான் கிராஃபைட் ஒட்டும். போட்டோவைக் கிடைமட்டமாகத் திருப்பிப் போட்டதில் வேலை அரை நிமிடத்தில் முடிந்தது. கண்டுபிடிக்கத்தான் இரண்டு வாரம்.

சுவரின் பெரிய நிழலைக் கணக்கிட்டே போட்டேன். வெயில் 30 பாகையில் இருந்தால் சமதரையில் 6 மீட்டர் சுவரின் நிழல் 10 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளும். சரிவில் கீழ்நோக்கி விழுந்தால் இன்னும் நீளும், மேல்நோக்கி விழுந்தால் சுருங்கும். நிழல் சரிவின் வளைவைப் பிடித்துக்கொண்டு போகும்படி வரைந்ததும் நிலம் முதல்முறையாக மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. நிழலுக்குள் டெக்ஸ்ச்சரைப் பாதிக்கு மேல் குறைத்தேன். சாய்ந்து விழும் வெயில்தான் சொரசொரப்பைக் காட்டும். நிழலுக்குள் அது அடங்கிவிடும்.

காலடி

இப்போதுதான் உண்மையான இடத்துக்கு வந்தேன்.

படத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, சுவர் மண்ணைத் தொடும் கோட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போனேன். முழுக்க ஒரே கூர்மையான கோடு. மேலே கல், கீழே புல், நடுவில் கத்தியால் வெட்டியது போல. வீட்டை ஒரு லேயர் குழுவாகவும் நிலத்தை இன்னொரு குழுவாகவும் வைத்து, வீட்டுக் குழுவுக்கு மாஸ்க் போட்டிருந்தேன். மாஸ்க்கின் விளிம்புதான் அந்தக் கோடு. "தூக்கிட்டு வந்து வெச்ச மாதிரி" என்று அவர் சொன்னது உவமையே இல்லை. வேலையை நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

அப்புறம் பழைய கல்கட்டடங்கள் சிலவற்றின் சுவர் அடியைப் போய் உட்கார்ந்து பார்த்தேன். நின்று பார்த்தால் எதுவும் தெரியாது, உட்கார வேண்டும். சுவர் மண்ணில் முடிவதே இல்லை. மழைத்துளி தரையில் விழுந்து தெறிக்கும் சேறு, சுவரில் முழங்காலுக்குக் கீழ் ஒரு பட்டையாகப் படிந்திருக்கிறது. கூரை நீட்டம் குறைவான பக்கம் பட்டை உயரமாகவும், நீட்டம் அதிகமான பக்கம் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கிறது. வெயில் படாத பக்கத்தில் அந்தப் பட்டைக்கு மேல் பாசி ஏறியிருக்கிறது. சுவரை ஒட்டிய புல் மற்ற இடத்தைவிட உயரம், அங்கே யாரும் கால் வைப்பதில்லை. வாசல் பக்கத்திலோ புல்லே இல்லை, மண் தேய்ந்து பளபளக்கிறது. காற்று சுழலும் மூலையில் சருகு குவிகிறது. சரிவின் மேல்பக்கத்தில் மழை அடித்துவந்த மண் சுவரில் முட்டி மேடாகி, கடைசிக் கல்வரிசையை விழுங்கிவிட்டது. கீழ்ப்பக்கத்தில் அதே மழை மண்ணை அரித்துக்கொண்டு போய், புதைந்திருக்க வேண்டிய கல்லை வெளியே காட்டுகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். வெயில் தரையில் பட்டுத் திரும்பி, சுவரின் அடிப்பாகத்தில் மண்ணின் நிறத்தை மெல்லப் பூசுகிறது. செம்மண் தரைமேல் நிற்கும் சாம்பல் சுவரின் கீழ்ப்பகுதி சாம்பல் அல்ல, லேசான செம்மை ஏறிய சாம்பல். அது கறை இல்லை, வெளிச்சம்.

மூன்றாவது படத்தில் அந்தக் கோட்டை அழித்துவிட்டு இவற்றை ஒவ்வொன்றாகப் போட்டேன். முதலில் மாஸ்க்கின் கீழ் விளிம்பைத் துகள் பிரஷ்ஷால் கடித்துவிட்டேன். சில இடத்தில் புல் கல்லின் மேல் ஏறும், சில இடத்தில் கல் புல்லுக்குள் இறங்கும். மேல்பக்க மூலையில் கோடே இல்லாமல் சுவரும் மண்ணும் ஒரே நிறத்தில் கரையும்படி விட்டேன். அடுத்து சேற்றுத் தெறிப்பு. தரைக்கு எடுத்த அதே நிறம், அதே தேய்ப்புத் தடம், 30 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுவரில் மல்டிப்ளையில் ஏறியது. முக்கியமானது அந்த "அதே". இரண்டு குழுக்களுக்கும் தனித்தனி டெக்ஸ்ச்சர் வைத்திருந்ததை விட்டுவிட்டு, ஒரே தடம் மண்ணில் தொடங்கிச் சுவரில் ஏறி முடியும்படி எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயரைப் போட்டேன். அதற்கு மேல் நீண்ட புற்கள், ஒரு குவியல் சருகு, கடைக்கால் தோண்டும்போது எடுத்துப்போட்டு அங்கேயே கிடக்கிற மாதிரி மூன்று கல். சுவரில் உள்ள கல்லின் நிறத்தையே அந்த மூன்றுக்கும் கொடுத்தேன். ஓடைக்கரையிலும் அதே நிறத்தில் இரண்டு.

இதில் எனக்கு முன்மாதிரியாக இருந்தது ஒரு கட்டடம். பென்சில்வேனியாவில் அருவிக்கு மேல் நிற்கும் ஃபாலிங்வாட்டர், ஃபிராங்க் லாய்ட் ரைட் 1935-இல் வடிவமைத்தது. அதன் சுவர்க்கல் அந்த நிலத்திலேயே வெட்டி எடுத்தது. வரவேற்பறையில் கணப்படுப்பின் முன்னால் அந்த இடத்துப் பாறையையே தரையை மீறி நிற்கும்படி விட்டிருக்கிறார்கள். அங்கே வீடு முடிந்து பாறை எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டுவது கடினம். கட்டும்போதே செய்ய முடிந்ததை வரையும்போது செய்ய முடியாதா என்ன.

வேலை முடிந்ததும் ஒரு கணக்குப் போட்டேன். 30 சென்டிமீட்டர் பட்டை என்பது படத்தில் 26 பிக்சல். அச்சில் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வீட்டின் முழு அகலத்துக்கும் சேர்த்தால் 36,400 பிக்சல், மொத்தப் படத்தில் 0.2 சதவீதம். அதற்கு நான் செலவழித்தது நான்கு நாள். மலை முழுவதற்கும் ஒரு நாள்.

தூரத்து மலைகளும் வானமும்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். காற்று நீல ஒளியைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கிறது. அதனால்தான் தெளிந்த நாளில் தூரத்து மலை நீலமாகிறது. பனிமூட்டத்தில் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். அப்போது மலை வெளுக்குமே தவிர நீலமாகாது. இரண்டையும் கலந்தால் எந்த நேரம், எந்த வானிலை என்று புரியாத படம் கிடைக்கும். நான் தெளிந்த காலையை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு மலைவரிசைக்கும் நடுவில் வானத்தின் நிறத்தில் ஒரு மெல்லிய லேயர். மலையின் தலையைவிட அடிவாரம் மங்கல், ஏனென்றால் காற்று கீழே அடர்த்தி.

வானத்துக்கு, ஒரு நிறத்தை இன்னொன்றாகத் தானே கரைத்துத் தரும் கிரேடியன்ட் கருவியைத் தொடவே இல்லை. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சில் பொகாஷி என்று ஒரு முறை உண்டு. அச்சுப்பலகையில் ஈரத்தையும் நிறத்தையும் கையால் தேய்த்து, ஒரு பக்கம் அடர்ந்து மறுபக்கம் கரையும்படி செய்வார்கள். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் (1797–1858) அச்சுப்படங்களில் வானத்தின் மேல்விளிம்பில் அடர்நீலமாக இறங்குவது அதுதான். சில அச்சுகளில் பலகையின் மரவரியும் வானத்திலேயே தெரியும். நான் அகலமான உலர்தூரிகைக் கீற்றை மாஸ்க்காகப் போட்டு நிறத்தை இறக்கினேன். திரையில் கிரேடியன்ட் படிப்படியாக உடைந்து தெரியும் கோளாறும் துகளால் மறைந்துவிட்டது.

ஜன்னல் கண்ணாடிக்கு டெக்ஸ்ச்சரே கொடுக்கவில்லை. சுற்றியுள்ள எல்லாம் சொரசொரப்பாக இருக்கும்போது அது மட்டும் வழவழவென்று இருந்தால் போதும், கண்ணாடி என்று கண்ணே புரிந்துகொள்கிறது.

அச்சு

300 டிபிஐ-யில் ஒரு பிக்சல் 0.085 மில்லிமீட்டர். கையில் பிடித்து 40 சென்டிமீட்டரில் பார்க்கும்போது கண் பிரித்தறியும் எல்லை 0.12 மில்லிமீட்டர். ஆகவே ஒரு பிக்சல் துகள் தாளில் வெறும் மங்கலாகத்தான் வரும். திரையில் 200 சதவீதத்தில் வைத்துக்கொண்டு அத்தனை நுணுக்கமாகப் போட்டதெல்லாம் வீண். மூன்று நான்கு பிக்சலுக்குக் குறைந்த துகளை எங்கும் நம்பக் கூடாது.

திரைப் பிரதிக்கு வேறு தொல்லை. படத்தைக் கால்வாசிக்குச் சுருக்கியதும் மேல்தளத்துப் பலகைப் பட்டைகள் ஒன்றோடொன்று மோதி அலையலையான கோலம் போட்டன. சுருக்குவதற்கு முன் அந்தப் பட்டைகளை லேசாக மங்கலாக்கிவிட்டு, சுருக்கிய பின் புதிதாக ஒரு மெல்லிய துகள் லேயர் போட்டேன். அச்சுப் பிரதியும் திரைப் பிரதியும் ஒரே கோப்பிலிருந்து வரலாம், ஒரே டெக்ஸ்ச்சரோடு வர முடியாது.

கட்டடக்கலைஞர் தரப்பில் தேர்ந்தெடுத்திருந்தது மேற்பூச்சு இல்லாத தாள். அதில் மை ஊறி ஒவ்வொரு புள்ளியும் பருக்கும், படம் முழுக்க ஒரு படி இருட்டும். முழுப் படத்தை அச்சிடும் முன், சுவர் அடியும் நிழலும் சேர்ந்து வரும் ஒரு துண்டை மட்டும் வெட்டி, மூன்று வெளிச்ச அளவுகளில் அதே தாளில் அச்சிட்டுப் பார்த்தோம். நடுத்தர அளவுதான் தேறியது. முதல் துண்டில் நான் நான்கு நாள் உழைத்த சேற்றுப்பட்டை கரிய கோடாகிப் போயிருந்தது. அதாவது, நான் அழித்த அதே கோடு அச்சில் திரும்பி வந்திருந்தது. நிழல்களை மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டு அனுப்பினேன்.

அச்சு வந்த அன்று கட்டடக்கலைஞர் படத்தை மேசையில் விரித்து, ஒன்றும் பேசாமல், சுவரின் அடியில் விரலை வைத்து ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை கொண்டுபோனார். "இந்தப் பக்கம் மண்ணைக் கொஞ்சம் குறைச்சு வெட்டச் சொல்லணும். நீங்க வரைஞ்ச மாதிரி சுவர்மேல ஏறி நின்னா நல்லாத்தான் இருக்கும்போல" என்றார். வரைபடத்தை மாற்றுகிற அளவுக்கு நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் விரல் நகர்ந்து போன இடத்துக்குச் சற்று மேலே, இடப்பக்க ஜன்னலுக்குக் கீழ், ஒரு மில்லிமீட்டர் அளவில் ஒரு காது இருந்தது. ஏழில் ஆறைத்தான் அழித்திருக்கிறேன். அவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.